பன்னிரண்டு படுக்கைக்குப் பத்து ஊழியர்: இளைஞர் காப்பகம் நடத்தும் அனுபவம்

வீடில்லாத இளைஞர்களுக்குக் காப்பகம் தொடங்க நினைத்து யோசனை கேட்டு வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் கட்டட வரைபடம் ஒன்று இருக்கும். எத்தனை கட்டில் போடலாம் என்பதே அவர்களின் முதல் கேள்வி. கணக்கைக் கட்டடத்திலிருந்து தொடங்காதீர்கள் என்றுதான் சொல்வோம். இரவு இரண்டு மணிக்கு விழித்திருக்க எத்தனை பேருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்க முடியும்? அங்கிருந்து தொடங்க வேண்டும்.

எந்த நேரமும் இரண்டு பேர் பணியில் இருந்தாக வேண்டும். தனியாக இருப்பவர் தாக்கப்பட்டால் உதவிக்கு ஆளில்லை. அவர்மேல் புகார் வந்தால் சாட்சிக்கும் ஆளில்லை. வாரத்துக்கு 168 மணி நேரம், இருவருக்கு 336. ஒருவர் வாரம் 40 மணி நேரம் வேலை பார்த்தால் 8.4 பேர் வேண்டும். விடுப்பு, காய்ச்சல், பயிற்சி, திடீரென வேலையை விட்டுப் போகிறவர் எல்லாம் சேர்த்தால் பத்து. சமையல், கணக்கு, சமூகப் பணியாளர், மேலாளர் இதில் சேரவில்லை. படுக்கை ஆறாக இருந்தாலும் இந்தப் பத்து குறைவதில்லை. ஆகவே ‘சின்னதாகத் தொடங்குவோம்’ என்று ஆறு படுக்கை போடுவது சிக்கனம் ஆகாது. ஒரு படுக்கைக்கான செலவு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். நாங்கள் பன்னிரண்டில் நிறுத்தியதற்குக் காரணம், அதற்கு மேல் போனால் இரண்டு பேரால் ஒரே இரவில் எல்லா முகத்தையும் கவனிக்க முடியாது என்பதுதான்.

இரவுப் பணியாளர் படுத்துக்கொள்ளலாம், கூப்பிட்டால் எழுந்தால் போதும் என்ற ஏற்பாடு பணத்தை மிச்சப்படுத்தும். ஆனால் மூச்சிரைப்பு, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளுதல், அறைக்குள் மிரட்டல் ஆகிய எதிலும் யாரும் கூப்பிட மாட்டார்கள். சுற்றுப்பார்வை ஒரு மணிக்கு ஒரு தடவையாவது வேண்டும், அதுவும் ஒரே இடைவெளியில் கூடாது. சரியாக மணியடித்தாற்போல் வந்தால் அடுத்த ஐம்பத்தைந்து நிமிடம் ஆளில்லை என்பது இரண்டாம் நாளே எல்லோருக்கும் தெரிந்துவிடும். சுற்றிய நேரத்தை அப்போதே எழுதிக் கையெழுத்திட வேண்டும். பதிவேட்டில் எட்டு வரியும் ஒரே மையில், ஒரே சாய்வில், வரிசையாக மணி கணக்கில் இருந்தால் விடியற்காலையில் உட்கார்ந்து நிரப்பியது என்று அர்த்தம்.

யாருக்கான காப்பகம் என்பதை உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். 18 வயதுக்குக் கீழே, மேலே என்பது இரண்டு வேறு உலகங்கள். சிறார் வந்தால் யாருக்கு, எத்தனை மணி நேரத்துக்குள் தெரிவிப்பது என்று ஒவ்வொரு நாட்டிலும் ஒரு கெடு உண்டு. இந்தியாவில் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். அமெரிக்காவில் மத்திய அரசு நிதி பெறும் அவசரக் காப்பகங்கள் 72 மணி நேரத்துக்குள் குடும்பத்தைத் தொடர்புகொள்ள வேண்டும். தங்கல் 21 நாள்தான். இங்கிலாந்தில் 16, 17 வயதில் வீடிழந்து வருபவர்களுக்கான பொறுப்பு முதன்மையாகக் குழந்தைகள் நலத் துறையுடையது என்று 2009இல், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையின் தீர்ப்பு உறுதி செய்தது. உங்கள் ஊர்க் கெடு எதுவோ அதைப் பெரிய எழுத்தில் சேர்க்கை மேசைக்கு மேலே ஒட்டுங்கள். இரு வயதினரையும் ஒரே தளத்தில் படுக்க வைப்பதாக இருந்தால், உரிமம் தரும் அதிகாரியிடம் எழுத்தில் பதில் வாங்காமல் கட்டில் வாங்காதீர்கள்.

கட்டடத்தில் பணம் போட வேண்டிய இடங்கள் படுக்கையறைகள் அல்ல, கதவுகளும் கழிவறைகளும்தான். அலுவலக மேசையிலிருந்து நுழைவாயிலும் நடைபாதை முழுவதும் கண்ணில் பட வேண்டும். கழிவறையும் குளியலறையும் ஒருவர் மட்டும் பயன்படுத்தும் தனித்தனி அறைகளாக, தரை முதல் கூரை வரை சுவரோடு இருந்தால் பாதித் தகராறு இல்லாமல் போகும். யார் எந்தக் கழிவறைக்குப் போவது என்ற கேள்வியும் எழாது. அவற்றின் கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், பூட்டை வெளியிலிருந்து திறக்க ஊழியரிடம் சாவி வேண்டும். உள்ளே மயங்கி விழுந்தவர் கதவை மறித்துக் கிடப்பார், உள்நோக்கித் திறக்கும் கதவு அப்போது அசையாது. உடல் எடையைத் தாங்கும் கொக்கி, கம்பி, திரைச்சீலைத் தண்டு எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. எடை விழுந்தால் கழன்றுவிடும் வகையை வாங்குங்கள். ‘பாதுகாப்புக்காக’ இரவில் வெளிக்கதவைப் பூட்டிச் சாவியை ஊழியர் வைத்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் உண்டு. தீப்பிடித்தால் அதுதான் உயிரை வாங்கும். உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் கதவும், திறந்தால் ஒலிக்கும் மணியும் போதும்.

சேர்க்கையில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். நிதி தருகிறவர் கொடுத்த பன்னிரண்டு பக்கப் படிவத்தை வாசலிலேயே நிரப்பச் சொல்வார்கள். நடந்து களைத்து, பசியோடு, யாரையும் நம்பாமல் வந்த ஒருவர் அதில் தரும் பதில் பாதி பொய்யாகத்தான் இருக்கும். அந்தப் பொய் கோப்பில் ஆண்டுக்கணக்கில் நிற்கும். முதலில் சாப்பாடு, கழிவறை, போனுக்குச் சார்ஜர். அதன் பிறகு அன்றிரவுக்குத் தேவையானதை மட்டும் கேட்க வேண்டும்: என்ன பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், வயது என்ன, இப்போது காயமோ நோயோ மருந்தோ உண்டா, உங்களைத் தேடி யாராவது வருவார்களா, சாக வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதா. கடைசிக் கேள்வியைச் சுற்றி வளைக்காமல் நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ‘ஆம்’ என்றால் அடுத்து என்ன செய்வது, யாரை அழைப்பது என்பது பணியாளருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். குடும்பம், பள்ளி, வழக்கு, போதை பற்றியெல்லாம் மூன்றாம் நாளுக்கு மேல், ஒரே ஆள் உட்கார்ந்து கேட்டால் போதும்.

பையை நாமே கவிழ்த்துத் தேடுவதில்லை. அவரே பொருட்களை எடுத்து லாக்கரில் வைக்க, ஊழியர் இருவர் பார்த்திருப்பார்கள். கத்தி போன்றவை முத்திரையிட்ட உறையில் போய்விடும். வெளியேறும்போது என்ன செய்வது என்பது உள்ளூர்ச் சட்டத்தைப் பொறுத்தது. தெருவில் தற்காப்புக்கு வைத்திருந்ததைப் பறிமுதல் செய்துவிடுவோம் என்று தெரிந்தால் அடுத்தவர் அதை ஒளித்துக் கொண்டுவருவார்.

மருந்துகள் பூட்டிய அலமாரியில், எண்ணிக்கைத் தாளில் இரண்டு கையெழுத்தோடு இருக்க வேண்டும். ஆனால் ஆஸ்துமா இன்ஹேலரும் ஒவ்வாமைக்கான அவசர ஊசியும் அவரவரிடமே இருக்கட்டும். சாவி தேடும் நேரத்தில் உயிர் போய்விடும். அபின் வகைப் போதை புழங்கும் இடமானால், அதை முறிக்கும் மருந்தான நாலாக்சோன் மூக்குத் தெளிப்பு ஒவ்வொரு தளத்திலும் வேண்டும். அதன் வேலை 30 முதல் 90 நிமிடம் வரைதான், போதை அதைவிட நீடிக்கலாம். ‘கண் விழித்துவிட்டார், பரவாயில்லை’ என்று ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பக் கூடாது.

இனிப் பூச்சிகள். மூட்டைப்பூச்சி வராத காப்பகம் இல்லை. மரக்கட்டில் வேண்டாம், இரும்புக் கட்டில், முழுக்க ஜிப் போட்ட மெத்தை உறை. வந்த அன்றே துணிகள் எல்லாம் உலர்த்தும் இயந்திரத்தில் உச்ச வெப்பத்தில் அரை மணி நேரம் போகட்டும், துவைப்பது பிறகு. சொறி சிரங்குக்கு 5 சதவீதப் பெர்மெத்ரின் பூச்சு, கழுத்துக்குக் கீழே உடல் முழுவதும், 8 முதல் 14 மணி நேரம். மருத்துவர் சொற்படி ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. ஒரே அறையில் படுத்தவர்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் போடாவிட்டால் அது சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். துவைக்க முடியாததைப் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள்.

விதிமுறைகளைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டாம். சுவரில் நாற்பது விதி ஒட்டியிருந்தால் எதுவுமே விதி இல்லை. வன்முறை, ஆயுதம், உள்ளே போதை ஆகிய மூன்றும் பேரம் பேசாதவை. மற்றதெல்லாம் பேச்சுக்குரியவை. இரவு வேலைக்குப் போகிறவருக்குப் பத்து மணிக் கெடு வைத்தால் வேலையோ படுக்கையோ ஒன்று போகும். வெளியேற்றும் தண்டனைக்கு நாள் கணக்கு வேண்டும், யார் முடிவு செய்கிறார் என்பது எழுத்தில் வேண்டும். உயிருக்கு ஆபத்து இல்லாதவரை நடு இரவில் யாரையும் தெருவுக்கு அனுப்புவதில்லை. கோபம் காலை எட்டு மணிக்கு எவ்வளவு தணிந்திருக்கும் என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஊழியருக்கான விதிகளில்தான் கறாராக இருக்க வேண்டும். சொந்த போன் எண் தரக் கூடாது, கடன் கூடாது, தனியாகக் காரில் ஏற்றக் கூடாது, மூடிய கதவுக்குப் பின்னால் இருவர் மட்டும் பேசக் கூடாது. இந்த மாதிரி இடங்களைத் தேடியே வேலைக்கு வருகிறவர்கள் உண்டு. காவல் துறைச் சரிபார்ப்பு அவசியம், ஆனால் பிடிபடாதவரை அது காட்டாது. முந்தைய மேலாளரைப் போனில் அழைத்து, ‘மறுபடி இவரை வேலைக்கு எடுப்பீர்களா?’ என்று கேளுங்கள். பதிலுக்கு முன் வரும் தயக்கத்தையும் கவனியுங்கள்.

வாசலில் வந்து ‘என் தங்கை இங்கே இருக்கிறாளா?’ என்று கேட்பவருக்கு ஒரே பதில்தான்: இருக்கிறார் என்றும் சொல்ல மாட்டோம், இல்லை என்றும் சொல்ல மாட்டோம், கடிதம் எழுதிக் கொடுங்கள், அப்படி ஒருவர் இருந்தால் சேரும். உண்மையான அண்ணனுக்கு வலிக்கும்தான். ஆனால் ஆள் கடத்துபவரும் இதே வாக்கியத்தோடுதான் வருவார். நன்கொடைக்காக முகம் காட்டும் படங்களுக்கும் இதே கறார். படுக்கைக்கு உங்களை நம்பி இருப்பவர் தரும் சம்மதத்தை முழுச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது.

பணம்: கட்டில் வாங்கித் தரப் பலர் வருவார்கள், இரவுச் சம்பளம் தர யாரும் வர மாட்டார்கள். குறிப்பிட்ட காரியத்துக்கென்று வந்த நிதியை வேறெதிலும் தொடக் கூடாது. சம்பளத்துக்கு ‘தற்காலிகமாக’ எடுத்துத் தணிக்கையில் சிக்கியே பல அமைப்புகள் மூடுகின்றன. அரசு மானியம் பெரும்பாலும் செலவு செய்த பிறகே வரும், அதுவும் மாதங்கள் தள்ளி. மூன்று மாதச் செலவு வங்கியில் இல்லாமல் கதவைத் திறக்காதீர்கள். பொருளாகத் தருகிறவர்களிடம் பழைய துணி வேண்டாம் என்று தயங்காமல் சொல்லலாம். எப்போதும் தட்டுப்பாடாக இருப்பவை புது உள்ளாடை, காலுறை, மாதவிடாய் நாப்கின்.

வெளியே போகும் வழி மூன்றாம் நாளே தொடங்குகிறது, அடையாள ஆவணத்தில். பிறப்புச் சான்று முதலில், மற்ற அட்டைகள் அதைப் பிடித்துக்கொண்டு வரும். அவை இல்லாமல் வேலையும் இல்லை, வங்கிக் கணக்கும் இல்லை, வாடகை அறையும் இல்லை. மூலத்தை லாக்கரில் நீர் புகாத உறையில் அவரே வைத்துக்கொள்வார், நகல் நம்மிடம். வீட்டுக்குத் திரும்புவதானால் இளைஞரையும் குடும்பத்தையும் தனித்தனியே கேட்டபிறகே ஒன்றாக உட்கார வைக்க வேண்டும். போன பிறகு 30, 90, 180ஆம் நாள்களில் ஒரு அழைப்பு. அதற்கு அவருடைய எண் மட்டும் போதாது, போன் மாறிக்கொண்டே இருக்கும். அவர் விரும்பித் தரும் இன்னும் இரண்டு பேரின் எண்களும் வேண்டும். கணிசமானவர்கள் திரும்பி வருவார்கள். அவர்களுக்குப் புதுப் படிவம் போடாமல் பழைய கோப்பையே தொடருங்கள். முன்பு சொன்ன கதையை மறுபடி சொல்ல வைக்காமல், போன பிறகு என்ன மாறியது என்று மட்டும் கேட்டால் போதும்.