த்ரில்லர் குறும்படக் கதைக்குக் கருத்துக் கேட்டு முடிப்பதற்குள்

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இறுதியாண்டுக் குறும்படத்துக்குப் படப்பிடிப்புக்கு முன்பே பார்வையாளர் கருத்தைச் சேகரித்து ரெக்கார்டில் வைக்கச் சொல்வார்கள். கூகுள் படிவம் ஒன்று, வாட்ஸாப் குழுவில் இணைப்பு, கடைசியில் ஒரு பை சார்ட் என்று எல்லோரும் இறங்குகிறோம். "கதை பிடித்திருக்கிறதா?" என்று கேட்டால் "செம ப்ரோ" என்றும் நெருப்பு எமோஜியும் வந்து குவியும். அதை வைத்து ஒரு ஷாட்டைக்கூட மாற்ற முடியாது. த்ரில்லருக்குக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எந்த இடத்தில் யாரைச் சந்தேகித்தீர்கள், எதைப் பார்த்து?

எங்கள் கதை 8 நிமிடம். ஜெராக்ஸ் கடையில் இரவு வேலை பார்க்கும் பையன். நகலெடுக்க வந்தவர் நீட்டிய அடையாள அட்டையில் பெயர் வேறு, முகம் இவனுடையது. அட்டையைச் செய்தது யார் என்பதுதான் முடிச்சு. கதையை மூன்று துண்டாக்கி, ஒவ்வொன்றின் முடிவிலும் "இப்போது யார் மேல் சந்தேகம், ஏன்?" என்று கேட்பது திட்டம்.

சிக்கல் படிவத்திலேயே ஆரம்பித்தது. கல்லூரி மின்னஞ்சலில் உருவாக்கும் படிவம் பெரும்பாலும் அந்தக் கல்லூரிக் கணக்கு உள்ளவர்களுக்கு மட்டுமே திறக்கும்படி அமைந்திருக்கும். வெளியாட்களுக்கு 'அனுமதி தேவை' என்று வரும். அவர்கள் நமக்குச் சொல்லவும் மாட்டார்கள், சும்மா விட்டுவிடுவார்கள். அனுப்பும் முன் வேறொரு கணக்கிலிருந்து திறந்து பாருங்கள். 'ஒருவருக்கு ஒரு பதில்' என்பதைப் போட்டாலும் கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும். பாதிப் பேர் அங்கேயே கழன்றுகொள்வார்கள். பதில் சுருக்கத்தை மற்றவர்களுக்குக் காட்டும் வசதியை அணைத்தே வையுங்கள். அது திறந்திருந்தால் முடிச்சு ஊருக்கே தெரிந்துவிடும்.

இதைவிட மோசமானது 'பின்செல்' பொத்தான். மூன்றாம் பகுதியைப் படித்துவிட்டு முதல் பகுதிக்குத் திரும்பி, முதலிலேயே கண்டுபிடித்ததுபோல் பதிலைத் திருத்திவிடலாம். கூகுள் படிவத்தில் அந்தப் பொத்தானை நீக்க வழியில்லை. துண்டுக்கு ஒரு படிவம் என்று பிரித்தால் மூன்றாவதற்கு வருகிறவர்கள் குறைந்துவிடுகிறார்கள்.

சந்தேக நபர்களைப் பட்டியலாகக் கொடுப்பதும் வேண்டாம். கதையில் வரும் பையனின் 'அறைத்தோழன்' என்று நாமே ஒரு விருப்பம் வைத்தால், அதுவரை அவனைக் கவனிக்காதவரும் கவனிக்க ஆரம்பிப்பார். வெற்றுப் பெட்டி வைத்து எழுதச் சொல்லுங்கள்.

கடைசியில் வேலைக்கு ஆனது நேரில் உட்கார்ந்து கேட்டதுதான். ஐந்தாறு பேர், ஆளுக்கு ஒரு தாள். ஒரு துண்டை வாசித்ததும் எழுதச் சொல்லி, தாளை வாங்கிக்கொண்ட பிறகே அடுத்த துண்டு. பேசவிட்டால் முதலில் வாய் திறப்பவரின் யூகம்தான் எல்லோருடைய யூகமும். விவாதமெல்லாம் மூன்றாவது தாள் கைக்கு வந்தபின்.

2024ல் வந்த புதிய விதிகள் தணிக்கை வாரியத்தின் யுஏ சான்றிதழை (சிறுவர்கள் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்பது) வயதுவாரியாக 7+, 13+, 16+ என்று பிரித்துவிட்டதால், பிளஸ் டூ வயதினரின் கருத்தும் வேண்டும் என்றார் கைடு, அதாவது எங்கள் வழிகாட்டிப் பேராசிரியர். ஒரு பள்ளிக்குப் போனோம். கொண்டுபோன அனுமதிக் கடிதத்தில் துறைத்தலைவர் கையெழுத்து இருந்தது, முத்திரை இல்லை. கடிதம் 'உரியவருக்கு' என்று இருந்தது, தலைமையாசிரியருக்கு என்று இல்லை. அலுவலகத்தில் கடிதத்தைப் பிரித்த வேகத்திலேயே மடித்துத் திருப்பித் தந்தார்கள். தலைமையாசிரியர் பெயருக்குக் கடிதம், முத்திரை, வாசிக்கப்போகும் கதைச்சுருக்கத்தின் நகல் மூன்றும் இல்லாமல் பஸ் ஏறாதீர்கள். மாணவர் பெயரோ கைப்பேசி எண்ணோ தாளில் கேட்க வேண்டாம், வயது போதும்.

ஸ்டோரிபோர்டை (ஷாட் ஷாட்டாக வரைந்த படங்கள்) படமெடுத்து ஒலி சேர்த்து அனிமேட்டிக்காகவும், அதாவது ஓடும் வரைவு வீடியோவாகவும் காட்டினோம். கைப்பேசி ஸ்பீக்கரில் அடித்தொண்டை முழக்கம் மாதிரியான தாழ்ந்த ஒலி அநேகமாகக் கேட்பதே இல்லை. 'இந்தக் காட்சியில் பயமே வரல' என்று வந்த பதில்களில் பாதி கதையைப் பற்றியதல்ல, ஸ்பீக்கரைப் பற்றியது. ஹெட்போன் கொடுங்கள்.

'கதையை வெளியே சொன்னால் சுட்டுவிடுவார்கள்' என்று குழுவில் ஒருவராவது முரண்டு பிடிப்பார். கருவுக்குக் காப்புரிமை இல்லை, அதை எழுதிய வடிவத்துக்குத்தான் என்று, தன் நாடகத்தைத் திருடிப் படமெடுத்ததாக ஆர்.ஜி. ஆனந்த் போட்ட வழக்கில் 1978லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திரைக்கதையைத் தேதியோடு எழுதி முடித்துவிட்டுச் சுருக்கத்தை மட்டும் வெளியே எடுத்துப் போங்கள்.

பதில்களைத் தொகுக்கும்போது அட்டவணையில் மூன்று நெடுவரிசை போதும்: யாரை, எந்தத் துண்டில், எதை வைத்து. முதல் துண்டிலேயே பாதிப்பேர் சரியாகச் சொன்னால் தடயம் சத்தம் போடுகிறது என்று அர்த்தம். முடிவுக்குப் பிறகும் 'ஏமாத்திட்டாங்க' என்றால் தடயமே போதவில்லை. 'போலீஸ் வந்தா நல்லாருக்கும்' போன்ற வைத்தியங்களை விட்டுவிடுங்கள். எந்த இடத்தில் வலிக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் தாள்களில் திரும்பத் திரும்ப வந்தது: 'அட்டை விஷயம் கேட்டும் அறைத்தோழன் ஆச்சரியப்படவே இல்லை.' நாங்கள் தடயமாக வைத்தது வேறொன்று, அதை யாரும் சீண்டவில்லை. அவன் வாயில் ஒரு 'என்னடா சொல்ற!' சேர்த்ததும் அடுத்த குழுவில் சந்தேகம் முதலாளி பக்கம் போனது.

கைடு அப்போதும் பை சார்ட் கேட்டார். 'எந்தத் துண்டில் கண்டுபிடித்தார்கள்' என்பதையே வட்டமாக்கி ஒட்டினோம், கையெழுத்துப் போட்டுவிட்டார்.