மாலை ஆறு மணி மாத்திரை

"கால் வலிக்கும்போது போடுறீங்களா, மணி பார்த்துப் போடுறீங்களா?" விபத்து நடந்து நாலு மாதம் கழித்து மருத்துவர் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். மாலை ஆறு மணி மாத்திரையை மட்டும் நான் ஒரு நாளும் விட்டதில்லை. கால் வலிக்கிறதா என்றுகூடப் பார்த்ததில்லை. லாரி மோதியது ஆறேகாலுக்கு.

தொடை எலும்பு முறிவு. ஆபரேஷன் செய்து ராடு வைத்தார்கள். வலிக்கு மருத்துவமனையில் மார்பின், வீட்டுக்கு வந்தபின் டிரமடால் 50 மில்லிகிராம், ஒரு நாளைக்கு நான்கு. இரண்டுமே ஓபியாய்டு, அதாவது அபின் வகை வலிமருந்து. போட்ட ஒரு மணி நேரத்தில் கால் வலியோடு நெஞ்சுப் படபடப்பும் அடங்கிவிடும். தெருவில் யாராவது பிரேக் போட்டால், அந்தச் சத்தம் வேறு யாருக்கோ கேட்பதுபோல இருக்கும்.

இது தெரிந்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வீராப்பில் ஒரே நாளில் நிறுத்தினேன். செய்யக் கூடாத காரியம் அது. மறுநாள் இரவு கொட்டாவியாக வந்தது, தூக்கம் மட்டும் வரவில்லை. மூக்கு ஒழுகியது, உடம்பெல்லாம் புல்லரித்தது, கால்களை ஓரிடத்தில் வைக்க முடியவில்லை. அப்புறம் பயம் வந்தது. லாரியின் விளக்குகள் கண்ணுக்குள்ளேயே நின்றன. மூன்றாம் நாள் ஒரு மாத்திரை போட்டேன், எல்லாம் அடங்கியது. 'பார்த்தாயா, பயத்துக்கு இதுதான் மருந்து' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மருத்துவர் திட்டவில்லை, விளக்கினார். பயத்தை எழுப்பும் அமிக்டலா என்ற மூளைப் பகுதியில் ஓபியாய்டு ஏற்பிகள் நிறைய உண்டு. உடம்பு தானே சுரக்கும் எண்டார்ஃபின், என்கெஃபலின் போன்றவை போய் ஒட்டும் அதே இடங்களில்தான் மாத்திரையும் ஒட்டுகிறது. மூளைத்தண்டில் லோகஸ் செரூலியஸ் என்று ஒரு சின்னப் பகுதி, லத்தீனில் 'நீல இடம்' என்று பொருள். மூளையை உஷார்ப்படுத்தும் நாரட்ரினலின் என்ற ரசாயனம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. ஓபியாய்டு அதை அமுக்கி வைக்கும். வாரக்கணக்கில் அமுக்கினால் அந்தச் செல்கள் ஈடுகட்டக் கூடுதலாக உழைக்கப் பழகிவிடும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் அமுக்க ஆளில்லை, கூடுதல் உழைப்பு மட்டும் மிச்சம். டிரமடால் போதாக்குறைக்கு செரட்டோனின் என்ற இன்னொரு மூளை ரசாயனத்திலும் நாரட்ரினலினிலும் நேரடியாகக் கைவைக்கும் மாத்திரை.

நான் சும்மா இருக்கவில்லை. 2010-ல் வந்த ஓர் ஆய்வைத் தூக்கிக்கொண்டு வாதாடப் போனேன். ஈராக்கில் காயம்பட்ட 696 அமெரிக்கப் படையினரில், ஆரம்பச் சிகிச்சையிலேயே மார்பின் கிடைத்தவர்களுக்குப் பிடிஎஸ்டி, அதாவது அதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மனநலப் பாதிப்பு, வந்தது குறைவு. "அது காயம்பட்ட உடனே கொடுத்த மருந்தோட கதை. அதிலும் மார்பின்தான் காரணம்னு நிரூபணமாகலை. நீங்க நாலாவது மாசத்துல இருக்கீங்க" என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

சரி, முறையாகக் குறைக்க ஆரம்பித்தோம். எனக்கு அவர் போட்ட கணக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு மாத்திரை குறைப்பது. தூக்கத்துக்கு ஏதாவது கேட்டேன். பென்சோடயசெபைன் வகைத் தூக்க மாத்திரையும் ஓபியாய்டும் சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம் என்று மறுத்துவிட்டார். கடைசிக் கட்டத்தில் சில நாள் குளோனிடின் கொடுத்தார். ரத்த அழுத்த மாத்திரைதான், ஆனால் அந்த நீல இடத்தையும் அமைதிப்படுத்தும்.

எனக்கு ரொம்ப உதவியது ஒரு நோட்டு. பக்கத்துக்கு மூன்று கட்டம்: கால், உடம்பு, பயம். பயத்தோடு கொட்டாவியும் புல்லரிப்பும் சேர்ந்து வந்தால், அது பெரும்பாலும் மாத்திரை குறைந்ததால் வந்த பயம். நாலைந்து நாளில் இறங்கிவிடும். பிரேக் சத்தத்துக்குப் பின்னால் தனியாக வந்தால் அது லாரியின் பயம். எப்போதும் இப்படிச் சுத்தமாகப் பிரியவில்லைதான். ஆனாலும் ராத்திரி இரண்டு மணிக்கு எதற்குப் பயப்படுகிறோம் என்று தெரிந்தாலே பாதி மூச்சு திரும்பிவிடும்.

பதினோராவது வாரத்தில், நோட்டின் முதல் இரண்டு கட்டங்களும் அநேகமாகக் காலி. மூன்றாவதில் இன்னும் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு மனநல சிகிச்சையாளரிடம் போனேன். அவர் முதலில் திறந்ததும் மூன்றாவது கட்டத்தைத்தான். "எல்லாம் ஆறு மணியாவே இருக்கே" என்றார்.