ஓநாய்த் தலைக்கு ஒரு தமிழ்ச்சொல்

ஒரு மொழிபெயர்ப்பில் 'அவுட்லாரி' (outlawry) என்ற ஆங்கிலச் சொல்லிடம் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன். முதலில் 'சட்டவிரோதம்' என்று எழுதி, உடனே அடித்துவிட்டேன். ஒருவன் சட்டத்தை மீறுவது வேறு. சட்டம் அவனைக் கைகழுவுவது வேறு.

இடைக்கால இங்கிலாந்தில் இந்தக் கைகழுவல் ஒரு தீர்ப்பு. குற்றம் சாட்டப்பட்டவன் தலைமறைவானால், கவுண்டி (மாவட்டம் போன்ற பகுதி) நீதிமன்றம் கூடும்போதெல்லாம் அவன் பெயரைக் கூவி அழைப்பார்கள். ஐந்தாம் முறையும் வரவில்லையா? சொத்து போயிற்று, வழக்குத் தொடுக்கும் உரிமை போயிற்று. தொடக்க காலத்தில் அவனை யார் வேண்டுமானாலும் கொல்லலாம். 'ஓநாய்த் தலை' தாங்கியவன் என்றே சொன்னார்கள். பெண்களுக்கு மட்டும் வேறு சொல். ஆண்களைப் போலச் சட்டத்துக்குள் உறுதிமொழி ஏற்று நுழையாதவளை எப்படி வெளியேற்றுவது என்ற தர்க்கமாம்! சட்டம் படித்தவர்களின் மூளையே தனி.

ஜான் வில்க்ஸ் என்ற அரசியல்வாதிமீது 1764இல் இதே தீர்ப்பு விழுந்தது. 1768இல் நீதிபதி மான்ஸ்ஃபீல்டு அதை ரத்து செய்தார். காரணம், ஆவணத்தில் கவுண்டி நீதிமன்றத்தைக் குறித்த இடத்தில் 'மிடில்செக்ஸ் கவுண்டிக்கான' என்ற சொற்கள் விடுபட்டிருந்தன. பிழைதிருத்தும் வேலை பார்க்கிற எனக்கு அதைப் படித்தபோது சின்ன மகிழ்ச்சி.

இங்கிலாந்தில் இந்த நடைமுறையின் மிச்சம் 1938இல் ஒழிந்தது. அதற்குள் சொல்லுக்கு இன்னொரு பொருளும் வந்துவிட்டது: போரைக் கைவிடுவதாக நாடுகள் கையெழுத்திட்ட 1928 பாரிஸ் உடன்படிக்கையின் காலத்தில் 'போரின் அவுட்லாரி' என்றார்கள். அங்கே 'தடை' போதும். பழைய பொருளுக்குக் கடைசியில் 'சட்டக் காப்பு நீக்கம்' என்று எழுதினேன். நீளம்தான், வாயில் நிற்காது. இருக்கட்டும்.