நூல் பார்க்கத் திருப்பூரிலிருந்து ஊட்டிக்கு

ஊட்டிக்கு வந்து நூல் பூவைப் பார்க்கக் காசு கொடுப்பார்களா என்று என் வீட்டுக்காரர் டிக்கெட் வாங்கும் வரைக்கும் புலம்பிக்கொண்டே இருந்தார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. 1848-ல் ஆரம்பித்த தாவரவியல் பூங்கா அதே ஊரில் நிஜப் பூக்களோடு இருக்கும்போது, படகு இல்லத்துக்கு எதிரே ஒரு கூரைக்கடியில் வாடாத ரோஜாவைப் பார்க்கப் போவது கொஞ்சம் கிறுக்குத்தனம்தான். அதுவும் நாங்கள் திருப்பூர்க்காரர்கள், வீட்டைச் சுற்றி நாள் முழுக்க நூல்தான்.

போனது என்னவோ படகுக்குத்தான். சீசன் கூட்டம், வரிசை நகர்கிற மாதிரியே தெரியவில்லை, அம்மாவுக்கு முழங்கால் வலி, மழை வேறு பிடித்துக்கொண்டது. சரி என்று எதிரே ஒதுங்கினோம்.

'த்ரெட் கார்டன்' என்று பெயர். ஊசி கிடையாது, மெஷின் கிடையாது. கேன்வாஸை இதழ் இதழாக வெட்டி, அதன் மேல் எம்பிராய்டரி நூலைக் கையாலேயே சுற்றிச் சுற்றிப் பூ, இலை என்று உருவாக்கியிருக்கிறார்கள். ஆண்டனி ஜோசப் என்பவரின் யோசனை. 50 பெண்கள் 12 வருஷம் உட்கார்ந்து 6 கோடி மீட்டர் நூலைச் சுற்றினார்களாம். பூமியை ஒன்றரைச் சுற்று சுற்றலாம் என்று என் பெண் போனில் கணக்குப் போட்டுச் சொன்னாள். அவளுக்கு அதோடு சுவாரசியம் முடிந்துவிட்டது.

அம்மாவுக்கு அப்போதுதான் ஆரம்பித்தது. அவர் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டப் போய், அப்புறம் செக்கிங்கில் இருந்து ரிட்டையர் ஆனவர். இன்றைக்கும் கல்யாண வீட்டில் யார் சட்டையிலாவது நூல் தொங்கினால் கை தானாகப் போய்விடும். தொடக்கூடாது என்று சொன்னதால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு பூவின் முன்னாலும் குனிந்து பிசிறு தேடினார். ஒரு செம்பருத்தியின் ஓரத்தில் சிவப்பு நூல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நெருக்கமாகப் படிந்திருந்தன, எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிந்தது என்றே தெரியவில்லை. "முனையை எங்க கொண்டு போய் ஒளிச்சாங்கன்னு பாரு கண்ணு" என்று பேத்தியை இழுத்துக் காட்டினார். "தெரியலையே அம்மிச்சி" என்றாள் அவள். "தெரியக்கூடாது, அதுதான் வேலை."

எனக்கு மொத்தத் தோட்டமும் அவ்வளவு பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தூர நின்று பார்த்தால் ஷோகேஸ் பொம்மைகள் மாதிரிதான் இருக்கிறது, நிறங்களும் கொஞ்சம் அடிக்கின்றன. கிட்டே போய் ஒரே ஒரு இலையைப் பார்த்தால்தான் மலைப்பு வருகிறது.

வெளியே மிளகாய் பஜ்ஜி சாப்பிடும்போது அம்மா கணக்கில் இறங்கிவிட்டார். வருஷத்துக்கு 300 நாள் வேலை என்று வைத்தால் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 333 மீட்டர். "கையில சுத்தறதுக்கு அது சரியாத்தான் இருக்கும் மாப்பிள்ளை. ஆனா கூலி நாள் கணக்கா, பூ கணக்கான்னு போர்டுல போடலையே?"

என் வீட்டுக்காரர்தான் வாயைக் கொடுத்தார், "உங்களுக்கு அப்ப டஜனுக்கு என்ன கொடுத்தாங்க அத்தை?" என்று. திரும்பி மலை இறங்கும்போது குன்னூரில் கேட்டது. பர்லியாறு தாண்டியும் அம்மா நிறுத்தவில்லை, தீபாவளி போனஸ் சண்டைக்கே இன்னும் வரவில்லை.