கணினி வீடியோவை வீட்டு டிவிடி பிளேயரில் ஓடச் செய்வது

கணினியில் தடையின்றி ஓடும் ஒரு எம்பி4 கோப்பை வெற்று டிவிடியில் அப்படியே பதிந்து வீட்டுப் பிளேயரில் போட்டால், பல பிளேயர்கள் வட்டைப் படிக்க முடியவில்லை என்றே அறிவிக்கும். இதில் வட்டின் மீதும் குறையில்லை, கோப்பின் மீதும் குறையில்லை. டிவிடி பிளேயர்கள் 1996 இல் ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தன. இன்றைய எம்பி4 கோப்புகளில் பரவலாக உள்ள எச்.264 என்ற வீடியோ சுருக்க முறையோ 2003 இல்தான் தரமாக வெளியிடப்பட்டது. கணினி எந்தப் புதிய முறையையும் ஒரு மென்பொருளை நிறுவிக் கற்றுக்கொள்கிறது. பிளேயரில் உள்ள சிப்புக்கு அந்த வசதி இல்லை. அது எம்பெக்-2 என்ற பழைய முறையில் சுருக்கிய வீடியோவை, அதுவும் டிவிடி தரம் வகுத்த எல்லைகளுக்குள் இருந்தால் மட்டுமே, உறுதியாகப் படிக்கும்.

இப்படி வீடியோவை வட்டில் பதிந்து தரச் சொல்பவர்கள் பெரும்பாலும் பிளேயரின் ரிமோட்டை மட்டும் பழகிய முதியவர்கள் என்பதால், இந்த வேலையைப் பொறுப்புடன் செய்ய வேண்டும் என்று நான் கருதுகிறேன். 'கன்வெர்ட்' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோமே தவிர, உண்மையில் இதில் மூன்று தனித்தனி வேலைகள் உள்ளன. வீடியோவை எம்பெக்-2 ஆக மாற்றுவது முதல் வேலை. மாற்றியதை டிவிடிக்குரிய கோப்புறை அமைப்பில் கட்டுவது இரண்டாவது. கட்டியதை வட்டில் எழுதுவது மூன்றாவது. ஓடாத வட்டுகளில் பெரும்பாலானவை இரண்டாவது வேலையைத் தவிர்த்ததால் வந்தவை என்பது என் கணிப்பு.

தொலைக்காட்சி ஒளிபரப்பில் நாட்டுக்கு நாடு வேறுபடும் இரு முறைகள் பால், என்டிஎஸ்சி; இந்தியாவில் உள்ளது பால். முதல் வேலையில் படத்தின் அளவு 'பால்' முறையில் 720x576, நொடிக்கு 25 படங்கள். என்டிஎஸ்சி முறையில் 720x480, நொடிக்கு 29.97 படங்கள். ஒலி ஏசி-3 என்ற சுருக்கிய வடிவமாகவோ சுருக்கப்படாத பிசிஎம் ஆகவோ, 48 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் இருப்பது பாதுகாப்பானது. வீடியோவின் பிட் வீதம், அதாவது ஒரு நொடிப் படத்துக்குச் செலவாகும் தரவின் அளவு, நொடிக்கு 9.8 மெகாபிட்டைத் தாண்டக் கூடாது. எவ்வளவு வைக்கலாம் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, கணக்கிட்டே அறியலாம். ஒரு சாதாரண டிவிடி 470 கோடி பைட்டுகளைக் கொள்ளும். அதை 8 ஆல் பெருக்கி 7,200 நொடிகளால் வகுத்தால், இரண்டு மணி நேர வீடியோவுக்கு நொடிக்குச் சுமார் 5.2 மெகாபிட் கிடைக்கிறது. அதில் ஏசி-3 ஒலிக்கும் வட்டின் கட்டமைப்புக்கும் இடம் விட்டால் படத்துக்கு 4.8 வரை மிஞ்சும், அது போதுமானது. நான்கு மணி நேரத்தை ஒரே வட்டில் திணிக்க முயன்றால் வேகமான அசைவுகள் எல்லாம் கட்டம் கட்டமாகச் சிதறும். அதைவிட இரண்டு வட்டுகளாகப் பிரித்துவிடுவதே மேல்.

மிகுந்த கவனம் வேண்டுவது படத்தின் அகல உயர விகிதம். டிவிடியில் 4:3 படமும் 16:9 படமும் ஒரே 720x576 புள்ளிகளில்தான் சேமிக்கப்படுகின்றன. எப்படி விரித்துக் காட்ட வேண்டும் என்பதைக் கோப்பில் உள்ள ஒரு குறிப்புதான் பிளேயருக்குச் சொல்கிறது. அந்தக் குறிப்பு தவறினால் முகங்கள் எல்லாம் நீண்டோ அகன்றோ தெரியும். கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த வீடியோ இதில் இன்னும் சங்கடமானது. அதை இரு பக்கமும் கறுப்புப் பட்டைகளுடன் 16:9 சட்டத்துக்குள் வைத்தால், படம் திரை அகலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஆயினும் இழுத்து நிரப்புவதைவிட அதுவே நேர்மையானது. கைப்பேசி வீடியோக்களில் மற்றொரு சிக்கலும் உண்டு: அவற்றில் பல, நொடிக்கு இத்தனை படங்கள் என்ற சீரான வீதத்தில் பதிவாவதில்லை. மாற்றும்போதே வீதத்தைச் சீராக்காவிட்டால், தொடக்கத்தில் சரியாக இருக்கும் உதட்டசைவும் குரலும் போகப்போக விலகிவிடக்கூடும்.

தமிழ்த் துணையெழுத்து சேர்க்க விரும்புவோருக்கு ஒரு நல்ல செய்தி: டிவிடியில் துணையெழுத்து எழுத்தாக அல்லாமல் படமாகச் சேமிக்கப்படுகிறது. ஆகவே பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லாததால் ஒரு குறையும் இல்லை. கணினியில் கொம்பும் காலும் சரியாக அமைந்தால் தொலைக்காட்சியிலும் அப்படியே தெரியும்.

இரண்டாவது வேலைக்கு டிவிடிஸ்டைலர் என்ற இலவச மென்பொருள் தாராளமாகப் போதும். எம்பெக்-2 ஆக மாற்றுவதையும் அதுவே செய்துவிடும். முடிவில் 'வீடியோ_டிஎஸ்' என்ற கோப்புறையும், அதற்குள் ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மிகாத, படமும் ஒலியும் அடங்கிய விஓபி கோப்புகளும், திரையில் தோன்றும் தேர்வுப் பட்டியலையும் அத்தியாயங்களையும் இயக்கும் ஐஎஃப்ஓ கோப்புகளும் உருவாகியிருக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஓர் அத்தியாயம் வைப்பது, பாதியில் நிறுத்தியவர் மீண்டும் தொடர உதவும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கணினியில் விஎல்சி பிளேயரில் ஓடுகிறது என்பது சான்று ஆகாது. விதி மீறிய கோப்பையும் அது பொறுமையாக ஓட்டிவிடும். வீட்டுப் பிளேயரில் போட்டுப் பார்ப்பதே சோதனை. சோதனைக்கு, திரும்ப எழுதத்தக்க ஆர்டபிள்யூ வட்டு சிக்கனமானதுதான். ஆனால் அதன் ஒளிப் பிரதிபலிப்பு குறைவு என்பதால் பழைய பிளேயர்கள் சில அதை மட்டும் படிக்க மறுக்கும். அப்போது கோப்பைச் சந்தேகிக்க வேண்டாம்.

எழுதும்போது டிவிடி-ஆர் வட்டைத் தேர்ந்து, மிக உயர்ந்த வேகத்தைத் தவிர்த்து, இறுதியில் 'ஃபைனலைஸ்' செய்து (பிற பிளேயர்களும் படிக்கும்படி வட்டை முடித்து மூடி), எழுதியதைச் சரிபார்க்கும் வசதியையும் பயன்படுத்துங்கள். வட்டின் மேல் காகித லேபிள் ஒட்டினால் அது சமநிலை இழந்து சுழலக்கூடும். வட்டுக்கென உள்ள மார்க்கர் பேனாவால் எழுதுவதே போதும். மூலக் கோப்பை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள்: 1920x1080 அளவில் எடுத்த வீடியோ டிவிடிக்கு மாறும்போது ஐந்தில் ஒரு பங்கு புள்ளிகளே எஞ்சுகின்றன, வட்டிலிருந்து அவற்றை மீட்க வழியில்லை.