நாக்கை மேலே ஒட்டினால் தாடை முன்னே வருமா? என் பதினோரு மாச அனுபவம்

எனக்குத் தாடை கொஞ்சம் உள்ளே தள்ளினாற்போல இருக்கும். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, பக்கவாட்டில் யாராவது போட்டோ எடுத்தால்தான் உதட்டுக்குக் கீழே உடனே கழுத்து ஆரம்பித்துவிடும். இருபத்தாறு வயசில் 'மியூயிங்' வீடியோ கண்ணில் பட்டதும் விழுந்துவிட்டேன். ஜான் மியூ, அவர் மகன் மைக் மியூ என்று இங்கிலாந்துப் பல் மருத்துவர்கள் பரப்பியது. முழு நாக்கையும் அண்ணத்தில் ஒட்டி, வாயை மூடி, மூக்கால் மூச்சு விட வேண்டும், அவ்வளவுதான். 'அங்கே' என்று சொல்லப்போய் அந்த 'ங்'-இலேயே நின்றுவிட்டால் அடிநாக்கு தானாக மேலே ஏறும், நான் அப்படித்தான் பழகினேன்.

காட்பாடியில் பஸ் ஏறினால் ஆபீஸ் போகும்வரை வாயே திறக்க மாட்டேன். நைனா ஒருநாள், "ஏன்டா, பல்லு வலியா?" என்று கேட்டார். மாசாமாசம் மொட்டை மாடியில் ஒரே சுவரோரம் நின்று போட்டோ. நாலாம் மாசம் தாடைக்கோடு தெரிந்தது! அந்தச் சந்தோஷத்தில் நாக்கை இன்னும் அழுத்த, பல்லையும் சேர்த்துக் கடிக்கத் தொடங்கிவிட்டேன் போல. ஆறாம் மாசம் இடது காதுக்கு முன்னால் 'டிக்' என்று சத்தம். முறுக்கு கடித்தால் சரி என்று விடலாம், மக்கன் பேடாவுக்குமா சத்தம் வரும்?

அப்புறமும் நாலைந்து மாசம் இழுத்தடித்துவிட்டுத்தான் சத்துவாச்சாரியில் ஒரு பல் டாக்டரிடம் போனேன். பத்தொன்பது வயசில் கிளிப் போடலாமா என்று எடுத்த பக்கவாட்டு எக்ஸ்ரேயை அம்மா பீரோவில் பழைய காலண்டர்களுக்கு நடுவே வைத்திருந்தார், அதையும் கொண்டுபோனேன். டாக்டர் புதிதாக ஒன்று எடுத்து இரண்டையும் வெளிச்சத்தில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டி, பேனா முனையால் மூன்று புள்ளி தொட்டுக் காட்டினார். இரண்டு கண்ணுக்கும் நடுவே மூக்கெலும்பு நெற்றியோடு சேரும் இடத்திலிருந்து மேல்தாடைக்கு ஒரு கோடு, கீழ்த்தாடைக்கு ஒரு கோடு. இடையிலே அன்றைக்கும் 6 டிகிரி, இன்றைக்கும் 6 டிகிரி. சாதாரணமாக 2 டிகிரி கிட்ட இருக்குமாம்.

"அப்போ போட்டோ?" என்றேன். முதல் மாசப் படத்தில் தலை முன்னே தொங்குகிறது, நாலாம் மாசத்தில் நிமிர்ந்திருக்கிறேன். நாக்கு மேலே போனால் மோவாய்க்கு அடியிலிருக்கும் சதையும் கூடவே ஏறும். நடுவில் நான் ராத்திரி பரோட்டாவை நிறுத்தி நாலு கிலோ குறைந்திருந்தேன், அதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை!

வளர்கிற பிள்ளைகளுக்கு மேல்தாடையின் நடுத்தையல், அதாவது இரண்டு பாதி எலும்பும் சேரும் கோடு, இறுகியிருக்காது, அதனால் டாக்டர்கள் கருவி வைத்து விரிக்க முடிகிறது. வயசு ஏற ஏற அது இறுகிவிடும், கீழ்த்தாடை வளர்ச்சியும் இருபதையொட்டி நின்றுவிடும். பல் மட்டும் எந்த வயசிலும் நகரும், அதனால் தப்பாக அழுத்தினால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் விதம்தான் மாறும் என்று எச்சரித்தார். என்னை மாதிரி ஆளுக்கு எலும்பு முன்னே வர வேண்டுமென்றால் அறுவை சிகிச்சைதான், அதற்கு முன்னும் பின்னும் கிளிப் வேறு. மைக் மியூவைப் பற்றி வீட்டுக்கு வந்து தேடினேன், சிறுவர்களுக்குச் செய்த சிகிச்சை சம்பந்தமாக அவர் பெயரைப் பல் மருத்துவப் பதிவேட்டிலிருந்து நீக்க 2024-இல் முடிவானதாம். இதை முதலிலேயே தேடியிருக்கலாம்.

மூக்கால் மூச்சு விடுவதை மட்டும் விடவில்லை, காலையில் வாய் காய்ந்து எழுவது நின்றிருக்கிறது. அறுவை சிகிச்சை இப்போதைக்கு வேண்டாம் என்று தாடி விட்டிருக்கிறேன். இடது பக்க 'டிக்' குறைந்திருக்கிறது, கொட்டாவி விடும்போது மட்டும் வரும்.