பால் கணக்கு

ஏப்ரல் 26

மே மாதம் பிறக்கும் இரவில் அயர்லாந்தில் மூட்டுகிற பெல்டேன் நெருப்புக்கு இன்னும் நாலே நாள். "இந்த வருஷம் எந்த மனக்குறையை நெருப்பில் விடப் போகிறாய்?" என்று பெரியம்மா கேட்டாள். யோசிக்கிறேன் என்றேன். பொய். அது என் இடுப்பில்தான் செருகியிருக்கிறது: ஒரு முழ ஹேசல் குச்சி, அதில் 58 வெட்டு.

மண்மேட்டுக்குள் வாழும் தேவதைக் குலம் நாங்கள். எங்கள் மேட்டுக்குக் கீழே ஒரு மனிதர்களின் பண்ணைவீடு. பால் கறக்கும்போது முதல் பீச்சல் தரைக்கு; அது எங்கள் பங்கு. அந்த வீட்டுக் கிழவி இருந்தவரை ஒரு நாள் தவறியதில்லை. அப்புறம் கறவை இயந்திரம் வந்தது. பால் குழாய் வழியே நேரே தொட்டிக்குப் போய்விட்டது. எஃகுக் குழாய் வேறு, எங்களால் கிட்டவே நெருங்க முடியாது. அன்றிலிருந்து வருஷத்துக்கு ஒரு வெட்டு.

ஏப்ரல் 28

கிளேர் மாவட்டத்திலிருந்து மாமா வந்தார். அங்கே லாட்டூனில் தேவதைகளுடையது என்று சொல்லப்படும் வெண்முள் மரத்தைக் காப்பாற்ற 1999-இல் மனிதர்களே வாதாடி, நெடுஞ்சாலையை ஒதுக்கிப் போட வைத்தார்கள். 2002-இல் எவனோ இரவோடு இரவாக வந்து கிளைகளை ரம்பத்தால் அறுத்துவிட்டான். மரம் மறுபடி துளிர்த்துவிட்டது, மாமாவுக்குத்தான் ஆறவில்லை. அறுபட்ட கிளைத்துண்டு ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் பால் கணக்கைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

ஏப்ரல் 29

வெட்டுகளை வேறொரு குச்சியில் படியெடுத்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா பார்த்துவிட்டாள். திட்டவில்லை. கத்தியை மட்டும் வாங்கிக்கொண்டு போனாள்.

ஏப்ரல் 30, இரவு

அடுப்புகளையெல்லாம் அணைத்தோம். மேட்டில் இரண்டு நெருப்பு. மனிதர்கள் அந்தக் காலத்தில் மாடுகளை இப்படி இரண்டு நெருப்புக்கு நடுவே ஓட்டியது நோய் அண்டாமலிருக்க. நாங்களும் அண்டாமலிருக்கத்தான், அதைச் சொல்வானேன். அவர்களுடைய பெரிய நெருப்பு உஷ்னாக் குன்றில். 2017-இல் அப்போதைய அயர்லாந்துக் குடியரசுத் தலைவர் ஹிக்கின்ஸே வந்து மூட்டினார். எங்களுக்கு அழைப்பில்லை.

மாமா கிளைத்துண்டைத் துணியோடு சேர்த்து நெருப்பில் போட்டார். "போகட்டும்" என்று மூன்று முறை சொல்ல வேண்டும். மூன்றாவது முறை அவருக்குக் குரல் வரவில்லை. நாங்கள் சேர்ந்து சொன்னோம்.

என் முறை வந்தது. கடைசியாக ஒரு தடவை எண்ணினேன். 58தான். போட்டேன். காய்ந்த குச்சி, சட்டென்று பிடித்துவிடும் என்று நினைத்தேன். இல்லை. முதலில் வெட்டுகளின் ஓரம் மட்டும் சிவந்தது, சீப்புப் பல்லைப் போல வரிசையாக. அப்புறம் நடுவில் ஒடிந்தது.

அந்தத் தணலில்தான் எல்லா அடுப்பும் திரும்ப எரிகிறது. எங்கள் வீட்டுக் கஞ்சியும் அதில்தான் வெந்தது.

மே 1

பண்ணைவீட்டு வாசற்படியில் மஞ்சள் பூ தூவியிருந்தார்கள், நாங்கள் உள்ளே வராமலிருக்க. இன்று பால், உப்பு, நெருப்பு எதையும் வெளியே கொடுக்க மாட்டார்கள். பரவாயில்லை, எங்களை இன்னும் மறக்கவில்லை.

மே 3

அந்த வீட்டுச் சின்னப்பெண் தேநீர்க் கோப்பையோடு வெண்முள் மரத்தடிக்கு வந்தாள். கைப்பேசியில் யாருடனோ பேசிக்கொண்டே ஆறிப்போன மிச்சத்தை வேரில் கொட்டிவிட்டுப் போனாள். குனிந்து தொட்டுப் பார்த்தேன். பால் விட்ட தேநீர்.

கை தன்னாலே இடுப்புக்குப் போனது.